கூரையில்லாத கார்

என் கணவருக்கு இடது காது கேட்காது. காரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறவியிலேயே அப்படி இல்லை. ஜிஎஸ்டி சாலையில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் ஃபோர்மேன். தகடுகளை அடித்து வளைக்கும் ராட்சச இயந்திரங்களுக்கு நடுவே பதினாறு வருடம் நின்றார். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் டெலிபோனை இடது காதில் வைத்துவிட்டு, "லைன் செத்துப்போச்சு" என்றார். நான் வாங்கி வைத்துப் பார்த்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்கப் பேசுவதுதான் என் வேலை. அதனால் வீட்டுக்கு வந்ததும் என் குரல் இறங்கிவிடும். அவர் "என்ன சொன்ன?" என்பார். இன்னொரு முறை சொல்வேன். மறுபடியும் "என்ன?" என்பார். மூன்றாவது முறை சத்தமாகச் சொன்னால் எதிர்வீட்டுக்காரர்களுக்கு நான் சண்டை போடுவதாகத் தோன்றும். எனக்கே அப்படித்தான் தோன்றும். அதனால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லப் பழகினேன். அடுப்பில் பால் பொங்குவதைச் சொல்ல வந்தாலும் ஒண்ணுமில்ல, அலுவலகத்தில் அழுததைச் சொல்ல வந்தாலும் ஒண்ணுமில்ல. குரோம்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டில் சில வருடங்கள் அப்படியே போயின. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இரண்டே இருக்கை உள்ள கார் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு சோழவரத்தில் கார் பந்தயம் நடந்தால் அவர் விடமாட்டார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஆசை. ஸ்கூட்டரோடு அது அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். பல்லாவரத்தில் எங்கள் ஸ்கூட்டரைப் பழுது பார்க்கும் மெக்கானிக் பாய்தான் அதை மறுபடி கிளப்பிவிட்டார்.

"சார், சேலையூர்ல ஒருத்தர் கீறாரு. டீ எஸ்டேட்ல மேனேஜரா இருந்தவரு. ரெண்டு இங்கிலீஷ் வண்டி வெச்சிருக்காரு, ரெண்டு சீட்டு. ஒண்ணு ஹூட் கழட்டற வண்டி, ஒண்ணு மூடுன வண்டி. ஊரக் காலி பண்ணிகினு போறாரு. ஒண்ணக் குடுக்கறாராம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சேலையூருக்குப் போனோம். தென்னை மரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை. அதற்குள் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. திறந்த காருக்குப் பாலாடை நிறம். கேன்வாஸ் கூரை பின்னால் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூடிய காருக்குக் கரும்பச்சை. அதன் கூரை முன்கண்ணாடியிலிருந்து பின்பக்கம் வரை ஒரே வளைவாகச் சரிந்து இறங்கியது. கூபே என்று அதற்குப் பெயராம். இரண்டும் அரை ஆள் உயரம்தான் இருந்ததுபோலப் பட்டது எனக்கு. புடவையோடு எப்படி உள்ளே இறங்குவது என்றுதான் முதலில் யோசித்தேன்.

மேனேஜர் எழுபதை நெருங்கியவர், நல்ல உயரம். "கோயம்புத்தூர்ல பொண்ணு வீட்டுக்குப் போறேன். அங்க ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம் இருக்கு" என்றார். "ரெண்டும் ஒரே விலைதான். ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க, மிச்சத்தை நான் எடுத்துட்டுப் போறேன். என்னால தேர்ந்தெடுக்க முடியல."

எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூடிய கார்தான். தலைமுடி கலையாது, மழையில் நனைய வேண்டாம், தெருவே திரும்பிப் பார்க்காது. இவையெல்லாம் நான் வாய்விட்டுச் சொன்ன காரணங்கள். சொல்லாதது ஒன்று இருந்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நான் பேசுவதெல்லாம் காற்றில் போய்விடும். இரண்டு பக்கமும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனால் நாங்கள் மறுபடி பேச ஆரம்பிப்போம் என்று நம்பினேன்.

அவருக்குத் திறந்த கார்மேல்தான் கண். ஏன் என்று கேட்டதற்கு, "காத்து வரும்ல" என்றார். அவ்வளவுதான்.

முதலில் மூடிய காரில் கிளம்பினோம். மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணை வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. கதவைச் சாத்தியதும் உலகமே வெளியே நின்றுவிட்டது. இன்ஜின் சத்தம்கூட எங்கோ காலடியிலிருந்துதான் வந்தது. நான் உற்சாகமாகப் பேசத் தொடங்கினேன். மனை வாங்க வைத்திருந்த பணத்தில் கார் வாங்குவதைக் கேட்டு என் அக்கா என்ன சொல்வாள் என்று ஏதோ சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஓட்டுகிறவர் வலது பக்கம், நான் இடது பக்கம். என் வாய்க்கு நேராக இருந்தது அவருடைய கேட்காத காது. இதை நான் யோசிக்கவே இல்லை.

வாயை மூடிக்கொண்டேன். மேடவாக்கம் தாண்டியதும் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. தாடை இறுகியிருந்தது. சட்டென்று வண்டியை ஓரம்கட்டி, கண்ணாடியைக் கடகடவென்று இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"என்னங்க, நெஞ்சு வலியா?" இந்த முறை கத்தித்தான் கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்தார். சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இந்தக் காதுக்குள்ள ஒரு சத்தம் கேட்டுட்டே இருக்கு."

"எந்தக் காது?"

"கேக்காத காதுதான். வெளிச் சத்தம் இருந்தா அடங்கிடும். அமைதியா இருந்தா தாங்க முடியல. இதுக்குள்ள மூடிட்டு உக்காந்ததும் மண்டையே அதுவா ஆயிடுச்சு."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வருஷம் இருக்கும்."

நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்து வருடம்! ஒரே வீட்டில், ஒரே கட்டிலில். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லி என்ன ஆகப்போவுது" என்றார்.  திரும்பும் வழி முழுக்க அவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியே இருந்தது.

திறந்த காரில் போக எனக்கு மனமே இல்லை. மேனேஜர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டதால் ஏறினேன். அதே சாலை. கேம்ப் ரோடு தாண்டியதும் காற்று காதை அறைந்தது. என் முந்தானை பறக்காமல் இருக்க இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். ஒரு லாரி டிரைவர் மேலேயிருந்து எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துச் சிரித்தார். எனக்கு உடம்பே கூசியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், அவருடைய தோள்கள் இறங்கியிருந்தன. அவை அத்தனை நாளாக ஏறியிருந்தன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஸ்கூட்டரில் நான் பார்த்ததெல்லாம் அவருடைய முதுகுதான். வண்டி ஓட்டும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பது கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துத் தெரிந்தது.

மேனேஜர் யோசிக்க ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அந்த வாரம் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு அவர் ஞாபகம்தான். வெளியூர் லைன்களில் இரைச்சல் வருவது சகஜம். "இரைச்சலா இருக்கு, வெச்சிட்டு மறுபடி போடறேன்" என்று சொல்லித் துண்டித்துவிடுவோம். அவரால் வைத்துவிட முடியாது. வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.

"இப்ப கேக்குதா?"

"ம்."

"எப்படி இருக்கும்?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போல. "குக்கர்ல விசில் வரதுக்கு முன்னாடி ஒரு சீறல் வருமே. அந்த மாதிரி. ஆனா விசில் வராது. அதான் ராத்திரியில ஃபேனை ஃபுல்லா வெக்கறேன்."

மார்கழியிலும் அவர் ஃபேனை முழு வேகத்தில் வைப்பார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் முணுமுணுப்பேன், அதுவும் அவருக்குக் கேட்காத தைரியத்தில். நான் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"நாம மூடின வண்டியையே எடுத்துக்கலாம்" என்றார் அவர். "உனக்கு அதுதானே பிடிச்சிருக்கு. கண்ணாடிய இறக்கிக்கறேன், அவ்வளவுதானே."

"வேண்டாம்" என்றேன். தியாகமெல்லாம் இல்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். அந்தக் காரில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். நான் பேசுவதும் அவருக்குக் கேட்கப் போவதில்லை. இரண்டு பேருமே எதற்காகவோ பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதை வீட்டிலேயே செய்துகொண்டுதானே இருந்தோம்.

ஞாயிறன்று பாயும் கூட வந்தார். நான் திறந்த காரைக் காட்டியதும் அவர்தான் பதறினார். "அக்கா, மழ வந்தா பேஜாராயிடும். ஹூட் துணி பழசு. கம்பியும் துரு புடிச்சு கீது. இன்னொரு தபா யோசனை பண்ணிக்கோ."

"யோசிச்சாச்சு பாய்."

மேனேஜரின் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. அவரும் அதைத்தான் வைத்துக்கொள்ள நினைத்திருந்தாரோ என்னவோ.  கொட்டகையின் கதவை அவரே தள்ளித் திறந்துவிட்டார்.

பாய் சொன்னது அந்த ஐப்பசியிலேயே பலித்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் வந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. கூரையை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொண்டது. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்ததில் துணி கிழிந்ததுதான் மிச்சம். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடம். நனைந்துகொண்டே இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்தோம். இருக்கையில் தண்ணீர் தேங்கியது. "மூடின வண்டியே வாங்கியிருக்கலாம்" என்றேன். "என்ன சொன்ன?" என்றார். அவர் பக்கமாகச் சாய்ந்து, வலது காதுக்கு எட்டும்படி, முழு வாக்கியத்தையும் மறுபடி சொன்னேன். அவர் மழைத்தண்ணீரை முகத்திலிருந்து வழித்துவிட்டு, "நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

காரில் போகும்போது நாங்கள் பேசியதில்லை. பேச முடியாது என்பது முடிவாகிவிட்டதால் அது உறுத்தவும் இல்லை. எங்காவது நிறுத்தி இறங்கினால் நான் அவருடைய வலது பக்கமாகப் போய் நிற்பேன், பேசுவோம். மூன்று வருடம் அப்படியே போனது.

பிறகு அவருக்குத் தலைசுற்றல் வந்தது. காது சம்பந்தப்பட்டதுதான் என்றார் டாக்டர். மருந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச காலம் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். கார் இரண்டு மாதம் சும்மா நின்றது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் அதன் பானெட்டைத் தடவிவிட்டுப் போவதைப் பார்த்து, தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பையன்கள்.

லைசன்ஸ் வந்த பிறகு முதன்முதலாகக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு என்று கிளம்பினோம். நான் முப்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். அந்த வேகத்துக்குக் காற்று முடியைக்கூட அசைக்கவில்லை. பயத்தில் என் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது. எதிரே வரும் பஸ்ஸைப் பற்றி, கியரைப் பற்றி, கடைசியில் அலுவலகத்தைப் பற்றி. கார் வாங்குவதற்கு முன்பே எனக்கு சூப்பர்வைசர் பதவி உயர்வு வந்ததையும், வேலூருக்குப் போகச் சொன்னதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததையும் போகிறபோக்கில் சொன்னேன்.

"எப்ப?" என்றார் அவர்.

திடுக்கிட்டுப் போனேன். இப்போது அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். கேட்கிற காது என் பக்கம் இருந்தது.

"உங்ககிட்ட சொன்னேனே. ஸ்கூட்டர்ல போறப்ப. நீங்ககூட தலைய ஆட்டினீங்க."

"தலைய ஆட்டினா கேட்டுதுன்னு அர்த்தமா?"

"வேற என்ன அர்த்தம்?"

"காத்துல ஏதோ சொல்லிட்டு, நான் சொன்னேன், நீங்க கேட்டீங்கன்னா? பிரமோஷனை விட்டுட்டு வந்திருக்க! வீட்ல உக்காந்து சொல்ல மாட்டியா?"

"காதுல அஞ்சு வருஷமா சத்தம் கேக்குதுன்னு நீங்க சொன்னீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்!"

அனகாபுத்தூர் தாண்டும்வரை அப்படியே போனது. கோபத்தில் நாற்பதைத் தொட்டேன். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திய பிறகும் முடியவில்லை. படியேறும்போது மூச்சு வாங்க நின்று, நின்ற இடத்தில் மறுபடி ஆரம்பித்தோம். இறங்கி வந்து இளநீர் குடித்தபோதுதான், அடுத்த முறை பதவி உயர்வு வந்தால் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுப்பது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். இரண்டு வருடம் கழித்துச் செங்கல்பட்டுக்கு வந்தது. பேசினோம். எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜிஎஸ்டி சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகள் ஓட ஆரம்பித்தன. அவற்றின் சக்கர உயரம்கூட இல்லாத காரில் போவது ஆபத்து என்று ஆனது. பாயே ஒரு ஆளைக் கூட்டிவந்தார், விற்றுவிட்டோம். அது தெருமுனையில் திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார், பாவமாக இருந்தது. எனக்கு அவ்வளவாக வருத்தம் இல்லை. அதற்குள் நாங்கள் வீட்டிலேயே சண்டை போடப் பழகியிருந்தோம்.