லாலான் புல்லுக்கு ஒரு கோப்பு

என் வாழ்நாளில் ஒரே ஒரு காட்டைத்தான் அழிக்கப் புறப்பட்டேன். அதற்கு நான் முதலில் கையில் எடுத்தது ஒரு பழுப்புக் கோப்பு என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதன் மேல் முத்து முத்தான கையெழுத்தில் ‘பொருள்: புல்’ என்று வேறு எழுதியிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடி அறையில் நானும் மனைவியும் குடியிருந்தோம். நான்கு குடும்பங்களுக்கு ஒரே சமையலறை. நான்கு அடுப்பின் புகையும் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே குடியிருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சன்னல் வைத்த சமையலறை. எப்படியோ தெம்பனிஸ் ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே தள்ளி ஒரு துண்டு நிலம் வாங்கினோம். அங்கே நிலம் இருப்பதாகப் பத்திரம் சொன்னது. கண்ணுக்குத் தெரிந்தது தோளுயர லாலான் புல் மட்டுமே. உள்ளே கையை விட்டால் பிளேடு மாதிரிக் கீறும்.

பூமி பூஜைக்குக் குருக்கள் ஆவணியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அதை விட்டால் தைதான் என்றார்.

“தையில ஆரம்பிச்சா வீடு எப்ப முடியறது? அதுவரைக்கும் அந்தப் புகையில நிக்க என்னால ஆகாதுங்க” என்றாள் மனைவி. ஆறு வாரம் இருந்தது.

எங்கள் சந்துக்குப் பால் ஊற்றியவர் பொத்தோங் பாசிரில் மாடும் ஆடும் வைத்திருந்தார். அவரிடம் யோசனை கேட்டேன்.

“இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? நாலு ஆளப் புடிங்க, மம்பட்டி போட்டு வேரோட தோண்டுங்க. லாலானுக்கு உசுரு வேர்லதான்.”

“உங்க ஆட்டை விட்டு மேய்ச்சா?”

“முத்தின புல்லுண்ணே. என் ஆடு மோந்துகூடப் பாக்காது.”

பால் அளந்துகொண்டே ஒருவர் சொன்ன பதிலை எப்படி நம்புவது? பதினைந்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த தலைமைக் குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் ‘ஐசே’ என்றே கூப்பிடுபவர், தங்கமான மனிதர், என்னைப் போலவே மண்வெட்டியைத் தூரத்தில் வைத்துப் பார்த்தவர்.

“ஐசே, ஆரோ சொன்னதைக் கேட்டு இறங்காதேயும். எழுத்தில போடும், நான் பாக்கிறன்” என்றார்.

போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் நூலகத்தில் தோட்டப் பயிர் நூல்களைப் புரட்டி, வெட்டுதல், தோண்டுதல், மேய்த்தல், எரித்தல் என்று நான்கு பத்திகள் இழுத்து நன்மை தீமைகளை நிரப்பினேன். அவர் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினார். “ஆட்டைப் பற்றி ஆதாரம் காணாது” என்று ஒரு முறை ஓரத்தில் எழுதியிருந்தார். மூன்று வாரம் போயிற்று. கோப்பும் வளர்ந்தது, புல்லும் வளர்ந்தது. கடைசியில் ‘எரித்தல்’ என்று முடிவாகி, அவர் கையெழுத்துப் போட, கீழே நானும் போட்டேன்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் வாளியில் தண்ணீரோடு காவல் நிற்க, ஒரு ஞாயிறு காலை கொளுத்தினேன். அரை மணி நேரத்தில் நிலம் கறுப்பாக, சுத்தமாக, ஒரு தீர்ப்பைப் போல விரிந்து கிடந்தது. என் இடது புருவமும் பாதி போயிருந்தது. மனைவி சாம்பலுக்குள் நடந்துபோய்க் குதிகாலால் ஒரு கோடு கிழித்தாள். “சன்னல் இங்கங்க” என்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தபோது மற்றப் புருவத்தையும் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்துப் பூஜைக்குச் செங்கல் இறக்கப் போனோம். அந்தக் கோட்டைக் காணோம். நிலம் முழுக்கப் பச்சைப் பசேலென்று முழங்காலளவு லாலான், முன்னைவிட நெருக்கமாக. வேருக்கு என் தீ உறைக்கவே இல்லை. பூஜைக்கு நான்கு நாள். ஆள் தேடினால் ஒருவரும் சிக்கவில்லை. அவள் திரும்பும் வழியெல்லாம் பஸ் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை பால்காரரிடம் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பால் குவளையைக் கீழே வைத்தார்.

“கொளுத்திட்டீங்களா? அப்ப இளசா வந்திருக்குமே!”

அன்று மதியமே காய்கறி லாரி ஒன்றில் முப்பது ஆடுகள் வந்து இறங்கின. மூன்று நாள் தலை தூக்காமல் மேய்ந்தன. நான்காம் நாள், மொட்டை அடித்த மாதிரி இருந்த நிலத்தில், ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவே தர்ப்பையை விரித்துக் குருக்கள் மந்திரம் சொன்னார். வேரை அப்புறம் நான்கு ஆட்கள் மண்வெட்டி போட்டுத் தோண்டி எடுத்தார்கள்.

தையில் அந்தச் சன்னலோரத்தில் மனைவி பால் காய்ச்சினாள். புகை சமர்த்தாக வெளியே போயிற்று. வந்திருந்த தலைமைக் குமாஸ்தா அதைப் பார்த்து, “எல்லாத்தையும் முறையாச் செய்ததின்ர பலன், ஐசே” என்று என் முதுகில் தட்டினார். நானும் அடக்கத்தோடு சிரித்து வைத்தேன்.

பக்கத்தில் நின்ற பால்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“வீடு நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா ஆடுங்களுக்குத்தான் மனசு ஆறல. அண்ணன் இன்னொரு நிலம் வாங்கினா சொல்லுங்க.”