கள்ளி வேலிப் பக்கம் போன பந்து

“டீச்சர், உங்க பந்துக்கு இடப்பக்கம் யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா? எப்ப அடிச்சாலும் அங்கதான் போகுது. இது சரியாகுற கையாத் தெரியலை.”

சொன்னவர் சூரமங்கலத்தில் ஒரு ரயில்வே அதிகாரியின் மனைவி. அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் பழக்கத்தில் என்னையும் சனிக்கிழமை கோல்ஃப் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பொட்டல்தான் மைதானம். புல் கிடையாது, குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். இடப்பக்கம் நெடுகக் கள்ளி வேலி. நான் அடித்த பந்து நேராகக் கிளம்பும். பாதி வழியில் மனம் மாறியதுபோல் வளைந்து கள்ளிக்குள் போய்விடும்.

அது யுத்த காலம். புதுப் பந்து எந்தக் கடையிலும் இல்லை.

“இனி ஒண்ணு தொலைஞ்சாலும் உங்க பேரைப் பலகையில எழுத மாட்டேன், டீச்சர். கோவிச்சுக்காதீங்க” என்றார், சிரித்துக்கொண்டே. மைதானத்து ஓரத்தில் இருந்த கொட்டகையின் கரும்பலகையில் அடுத்த வாரம் ஆடுகிறவர்களின் பெயரை அவர்தான் எழுதுவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எந்தப் பலகையிலிருந்தும் அதுவரை என் பெயரை யாரும் எடுத்ததில்லை.

மறுநாள் ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். ஊருக்கு வந்தால் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சமாவது நெய்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தறியில் உட்கார்ந்தேன். இடக்கை தறிப்பலகையைத் தள்ள, வலக்கை கயிற்றை வெடுக்கென்று இழுக்க, ஊடை நூலைச் சுமந்த நாடா குறுக்கே ஓடியது. ஒவ்வொரு இழுப்புக்கும் வலது மணிக்கட்டு புரண்டு விழுவதைப் பார்த்தேன். பந்தடிக்கும்போதும் இதேதான். சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன சாமி, தறியப் பாத்துச் சிரிக்கிறே?” என்றாள் அம்மா.

“என் கை பந்தையும் நாடான்னு நெனச்சுக்கிச்சும்மா.”

“பின்னே, பழகுன கையாச்சே. பந்து போற பக்கமாப் பாத்துக் குழியத் தோண்டச் சொல்லு.”

கிளம்பும்போது கழிவு நூலை உருண்டையாகச் சுற்றிக் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க, பிள்ளைகள் போன பிறகு, பள்ளிக்கூட முற்றத்தில் அதை அடித்தேன். நூல் பந்து எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. வலக்கையைக் கோலின் மேல்பக்கமாகச் சற்றே நகர்த்தி, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் இளக்கிப் பிடித்தேன். இழுப்பது இடக்கை, கூடவே போவது வலக்கை. மணிக்கட்டு புரண்டால் மறுபடியும்.

சனிக்கிழமை வந்தது. அடித்தேன். பந்து இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. ஆனால் வேலிக்கு வெகு முன்னாலேயே வெட்டவெளியில் விழுந்து உருண்டது. ஆட்டம் முடியும்வரை ஒரு பந்தும் கள்ளிக்குள் போகவில்லை.

“என்ன டீச்சர், சொந்தக்காரங்களோட சண்டையா?”

“இல்லீங்க. தீபாவளிக்கு மட்டும் வாரேன்னு சொல்லிட்டேனுங்க.”

அவர் சிரித்தபடியே கொட்டகைக்குள் போய்ச் சாக்கட்டியைத் தேடினார். அது என் கையில் இருந்தது. பலகையில் அடுத்த வாரத்துக்கான முதல் பெயர் என்னுடையது. அதை நானே எழுதியிருந்தேன்.