கை பியூஸ் போகாது

ஜாலான் புசாரில் நான் வயரிங் வேலை பார்த்த பட்டறைக்கு, தன் வெள்ளைக்காரத் துரையின் கேரவன் வண்டியைக் காரில் இழுத்துக்கொண்டு மீசைக்கார டிரைவர் ஒருவர் வந்தார். சிக்னல் விளக்கு இருந்தும் கையை வெளியே நீட்டித்தான் திரும்பினார்.

கார் பிளக்கும் கேரவன் பிளக்கும் பொருந்தவில்லை. இரண்டையும் வெட்டி, நிறத்துக்கு நிறம் வயரைச் சேர்த்தேன். விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன்.

"இனிமே கை எதுக்குண்ணே? உள்ள வைங்க லா."

"கை பியூஸ் போகாது, தம்பி."

கிளம்பியவர் சிக்னலைப் போட்டு, கையையும் நீட்டி வலப்பக்கம் திரும்பினார். கேரவனில் இடது விளக்கு சிமிட்டியது. முந்த வந்த லாரிக்காரன் கையைப் பார்த்து பிரேக் போட்டான். என் விளக்கை நம்பியிருந்தால் மோதியிருப்பான்.

திரும்பி வந்தார். திட்டவில்லை.

"கை சரியாத்தான் இருக்கு. லைட்ட மட்டும் பாருங்க."

காரில் வலதுக்கு இருந்த நிறம் கேரவனில் இடதுக்கு இருந்தது. நான் வயரைப் பிரிக்க, அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். சிரிப்பை மறைத்தாரா, இன்றும் தெரியவில்லை.