ஒழுகாத அறை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டர்கள் வந்தன.
2. கம்ப்யூட்டருக்கு ஈரம் ஆகாது. பள்ளியில் மழைக்கு ஒழுகாத அறை ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வகுப்பறை.
3. நாங்கள் வெளியே வந்தோம். கம்ப்யூட்டர்கள் உள்ளே போயின.
4. ஆடி மாதத்தில் ஒரு நாள், என் சித்தப்பா மகள் நனைந்த ஸ்வெட்டரை ஒரு கம்ப்யூட்டரின் மேல் காயப்போட்டாள்.
5. அதற்குப் பிறகு அவள் அந்தப் பள்ளிக்கு வரவில்லை.

நான் இப்போது பி.எட். படிக்கிறேன். அதற்கு முன்பு கணினி அறிவியலில் பட்டம் வாங்கினேன். 'என் எதிர்கால வகுப்பறையில் தொழில்நுட்பம்' என்று ஒரு ஒப்படைப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சொந்த அனுபவம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் பேராசிரியை. என்னிடம் இருக்கும் அனுபவம் மேலே உள்ளதுதான். அது ஒப்படைப்பில் உட்காராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேவாலா பக்கம். ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பரில்தான் விடும். எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சித்தப்பா மகள் என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆனாலும் "அக்கா" என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆசிரியர்கள் நடப்பதை நடந்து காட்டுவாள், தும்முவதைத் தும்மிக் காட்டுவாள். மழைக்காலத்தில் மட்டும் இந்த விளையாட்டெல்லாம் நின்றுவிடும். அவளுக்கு இழுப்பு. ஈரம் பட்டால் நெஞ்சுக்குள் பூனை உறுமுவதுபோல் சத்தம் கேட்கும்.

முந்தைய வருடம் அவள் மழைக்காலம் முழுக்க வீட்டில்தான் கிடந்தாள். இந்த வருடமும் இழுத்தால் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். சித்திக்கு அதில் விருப்பமில்லை. ஐந்தாம் வகுப்பு அறை ஒழுகாது, தரை மரப்பலகை, அங்கே உட்கார்ந்தால் பிள்ளை தாங்கிவிடுவாள் என்று சித்தி கணக்குப் போட்டிருந்தார். ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீஸாக இருந்த அறை அது. அந்த ஓர் அறையை நம்பித்தான் அவள் படிப்பு இருந்தது.

பள்ளி திறந்த மாதமே கம்ப்யூட்டர்கள் வந்தன. ஏதோ ஒரு அறக்கட்டளை கொடுத்தது. முன்பக்கம் கண்ணாடியும் பின்பக்கம் பெரிய கூனுமாக இருந்த பழைய மாதிரி மானிட்டர்கள். பொருத்துவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். ஒவ்வோர் அறையாகப் போய், வைத்தியர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். எங்கள் அறைக்கு வந்ததும் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க மேடம், இது ஒண்ணுதானுங்க ரூமு. மத்ததெல்லாம் கெணறு."

தலைமையாசிரியையும் கோயம்புத்தூர்க்காரர்தான். "இதுல அஞ்சாப்பு இருக்குதுங்களே?" என்றார்.

"அஞ்சாப்ப எங்க வேணா வெச்சுக்கலாங்க. இதை வெக்க முடியாதுங்களே."

அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. கருவிகளைப் பராமரிப்பது பற்றி நான் பின்னால் படித்த எல்லாப் புத்தகத்திலும் அதையேதான் எழுதியிருந்தார்கள். ஈரம் சேராமலிருக்க அறைக்குள் இரவும் பகலும் ஒரு பெரிய குண்டு பல்பு எரிய வேண்டும் என்றார். யாரும் உபயோகிக்காவிட்டாலும் காலையில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் ஓட விட்டு வையுங்கள், சூட்டில் ஈரம் போய்விடும் என்றார். தலைமையாசிரியை இரண்டையும் ஒரு நாள் தவறாமல் செய்தார்.

எங்களைச் சத்துணவு விறகு அடுக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். விறகு ஒரு பாதி, நாங்கள் ஒரு பாதி. தகரக் கூரை. மழை வலுத்தால் டீச்சரின் வாய் அசைவது தெரியும், குரல் கேட்காது. எழுதிப் போடலாமென்றால் கரும்பலகை வியர்த்திருக்கும், சாக்பீஸ் பிடிக்காது. பல நாள் பாடம் என்பது டீச்சர் எங்களைப் பார்ப்பதும் நாங்கள் டீச்சரைப் பார்ப்பதுமாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு. வாசலில் கிடக்கும் சாக்கில் காலைத் துடைத்து, பாவாடையில் கையைத் துடைத்து, உள்ளே போனால் கதகதவென்று இருக்கும். முன்பு எங்கள் பெஞ்சு கிடந்த இடத்தில் வெல்வெட் துணி போர்த்திய மேசைகள். எனக்கு அந்த அறையை அப்படிப் பார்ப்பது பிடித்திருந்தது. மவுஸ் என்ற எலியைப் பிடித்துத் திரையில் அம்பை நகர்த்த முதலில் கற்றவள் நான்தான். மூன்று பேர் உட்காரும் இடத்தில் நடு இடம் எனக்கு. அக்கா அம்பைப் பார்க்கமாட்டாள். கண்ணை மூடி, பல்பு இருக்கும் பக்கம் முகத்தைக் காட்டி உட்கார்ந்திருப்பாள்.

"என்னக்கா தூங்குற?"

"வெயில் காயுறேன்டி. நீ ஓட்டு."

ஆனி முடிவதற்குள் அவளுக்கு இழுக்கத் தொடங்கியது. கொழுந்து எடுக்கும் இடத்திலிருந்து, மழைக்குத் தலையில் போட்ட பிளாஸ்டிக் கொங்காணியோடு சித்தி பள்ளிக்கு வந்தார். ஆபீஸ் அறை வாசலில் நின்று கேட்டதை நான் பார்த்தேன்.

"டீச்சரம்மா, அந்தச் சூடான கம்ப்யூட்டர் காம்பராவுல ஒரு மூலையில புள்ளய உக்கார வையுங்க. எதையும் தொடமாட்டா. நான் சொல்லிப்புடுறேன்."

"ஒருத்திய உக்கார வெச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா. மூச்சுக் காத்துலயே ஈரம் இருக்குதுங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க."

"மூச்சு விடாம உக்காரச் சொல்லவா?"

தலைமையாசிரியை கெட்டவரில்லை. அவருடைய அறையும் ஒழுகும். முழங்காலில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, குடைக்குப் பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார். ஒழுகாத அறையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள அவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருடம் கழித்து எனக்கு அதிகம் கசப்பது இதுதான்.

ஸ்வெட்டர் விஷயத்துக்கு முன் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் துணி காயாது. அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை. ஈரமான ஸ்வெட்டர்களை அப்பா சாக்கில் கட்டி எடுத்துப் போவார். டிரையருக்குப் பின்னால், சூடான காற்று வரும் இடத்தில் ஒரு கம்பி. அங்கே எல்லாத் தொழிலாளிகள் வீட்டுத் துணியும் தொங்கும். மறுநாள் ஸ்வெட்டர் தேயிலை வாசனையோடு, ரொட்டிபோல மொறமொறப்பாகத் திரும்பி வரும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம், உறுமல், சூடான காற்று. எங்களைப் பொறுத்தவரை அது துணி காயப்போடும் இடம்.

அன்று காலை பள்ளிக்கு வரும் வழியிலேயே அக்கா முழுக்க நனைந்துவிட்டாள். கொட்டகையில் உட்கார்ந்ததும் இழுப்பு ஏறியது. டீச்சர் பயந்துபோய், ஆபீஸ் அறைக்குப் போய் வெந்நீர் கேட்டுக் குடி என்று அனுப்பினார். போகிற வழியில் கம்ப்யூட்டர் அறை திறந்திருந்தது. காலையில் ஓட விடும் நேரம். யாருமில்லாத அறையில் நான்கு திரைகளிலும் நட்சத்திரங்கள் பறந்துகொண்டிருந்தன. மானிட்டரின் முதுகில் வரிசையாகச் சிறு பிளவுகள் இருக்கும், அவற்றின் வழியே சூடான காற்று வரும். அக்கா கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். ஸ்வெட்டரைக் கழற்றி அதன் மேல் விரித்துவிட்டுப் பலகைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

பட்டென்று ஒரு சத்தம் கொட்டகை வரை கேட்டது. நாங்கள் ஓடிப்போனபோது பல்பும் அணைந்திருந்தது. கருகிய வாசனை. தலைமையாசிரியை அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? இதென்ன உங்க ஊட்டு அடுப்பா?"

அக்காவுக்கு ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "இல்ல டீச்சர்... டிரையர் மாதிரி... சூடா இருந்துச்சு."

வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தோம். அன்று மாலையே அவளுக்கு டிரையர் என்று பெயர் விழுந்தது. "ஏ டிரையரு, என் சட்டையும் கொஞ்சம் காயப்போடு" என்று பையன்கள் பின்னாலேயே வந்தார்கள். வேறு நாளாக இருந்தால் அந்தப் பையன்கள் நடப்பதை நடந்து காட்டி அழ வைத்திருப்பாள். அன்று திரும்பிப் பார்க்கக்கூட மூச்சில்லை.

மறுநாள் சித்தியை வரச்சொன்னார்கள். தலைமையாசிரியை அதட்டவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார்.

"பிள்ளைய பள்ளிக்கூடத்த விட்டு நிக்கச் சொல்லலைங்க. ஆனா டிரஸ்ட்டுல இருந்து வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது? மானிட்டர் செத்துப் போச்சுங்க."

"மிஷினுதானே செத்துச்சு? எம்புள்ள இன்னும் சாகலல்ல. அதுவரைக்கும் நல்லது டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார் சித்தி. அக்காவின் பையை விறகுக் கட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து அவரே எடுத்துக்கொண்டார்.

டிரஸ்ட்டுக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தகவல் போனதும் இறந்த மானிட்டருக்குப் பதில் வேறொன்று வந்தது. மழை விட்ட பிறகு அவர்கள் வந்து புகைப்படம் எடுத்தார்கள். அதில் எலியைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. அந்த வெள்ளிக்கிழமைகள் இல்லாவிட்டால் நான் கணினி படித்திருப்பேனா என்று தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த அறையால் எனக்கு நன்மை கிடைத்தது.

இப்போது பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. அதில் நான் நன்றாகவே பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் முன் சரிபார்க்க ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். மின்சாரம், இணையம், ஒலி, திரை, தூசியில்லாத இடம். குழந்தை எங்கே உட்காருகிறது என்று ஒரு வரியும் இல்லை. பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. நானே அந்த வரியைச் சேர்த்துக் காட்டினேன். அது கட்டட வசதி என்ற வேறு தலைப்பில் வரும் என்றார்கள்.

அக்காவைச் சித்தப்பா மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போன காலையை இன்னும் எழுதவில்லை. கூடலூர் பஸ்ஸுக்கு எல்லோரும் ரோட்டில் நின்றோம். சித்தி மட்டும் வரவில்லை. அக்கா தோளில் பள்ளிப் பை. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஊட்டியெல்லாம் தாண்டிப் போகும் நீண்ட பயணம், மழையில்லாத ஊர், இரவில் போர்வைகூட வேண்டாமாம். "அத்தை வீட்டுக்குப் பக்கத்துலயே பள்ளிக்கூடம். மணி அடிச்சா ஊட்டுக்குள்ள கேக்கும்" என்று சித்தப்பா என் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அங்க கம்ப்யூட்டர் இருந்தா அது மேல ஸ்வெட்டரப் போட்டுடாதக்கா" என்றேன்.

"அங்க ஸ்வெட்டரே வேண்டாமாம்டி" என்றாள். சிரித்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு.

அந்தப் பையில் துணிமணி மட்டும்தான் இருந்தது. பொங்கலுக்கு அவள் வந்தபோதும் எனக்கு அது தெரியவில்லை. "உங்க டீச்சர் எப்படி நடப்பாங்க, நடந்து காட்டு" என்று நச்சரித்தேன். அவள் அத்தையைத்தான் நடந்து காட்டினாள். அத்தை மில்லுக்குப் போகும் அவசரம், திரும்பி வரும் களைப்பு, எல்லாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சரை ஏன் காட்டவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

சித்தப்பா பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் பக்கத்தில்தான் இருந்தது. அத்தையின் மகனைக் காலையில் அங்கே விட்டுவிட்டு வருவதும் மாலையில் கூட்டி வருவதும் அக்காவின் வேலை.

கீழே போனதிலிருந்து அவளுக்கு இழுப்பு இல்லை. அன்று எடுத்த முடிவு நல்ல முடிவு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அவள் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ஐந்தாம் வகுப்பை முடிக்கவில்லை.