கடைசி வரிக்கும் ஒரு கொப்பி

முதல் நாள்

"இங்கிலீஷ் எவ்வளவு தெரியும் எண்டதை அந்த ரைப்ரைட்டர் சொல்லும். தமிழ்க் கையெழுத்து எப்பிடி? எழுதிக் காட்டும் பாப்பம்."

புரொக்டர் அம்பலவாணர் ஐயா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. மலைநாட்டு அட்டன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே அவருடைய வக்கீல் ஆபீஸ். மரப்படி ஏறும்போதே யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தோட்டத்து ஆட்கள் செருப்பில்லாமல் வருவதால் படி சத்தம் போடாது.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.சி. வரை படித்தவன் நான் ஒருவன்தான். அன்று அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்துக்கு நான் பயப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்கள் எல்லோருக்கும் இந்தியாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பழகிய கை அது.

ஐயா தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"வடிவாய்க் கிடக்கு. என்ர எழுத்து என்ர மனுசிக்கு விளங்காதாம். கோழி கிளறின மாதிரி எண்டு எழுதியிருக்கிறா. இனி வீட்டுக் கடிதமும் நீர்தான் எழுதுவீர்."

"சரிங்க ஐயா."

"எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போடுறீர். பெட்டிசத்துக்குள்ள போட்டிடாதையும்."

அந்த ஆபீஸில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. படியை விட்டு இறங்கிப் போகிற எந்தக் காகிதத்துக்கும் ஒரு கொப்பி இருக்க வேண்டும். தோட்டத்துத் துரைக்குப் போகும் நோட்டீஸுக்கும், கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்குப் போகும் விண்ணப்பத்துக்கும், விறகுக்காரனுக்குப் போகும் துண்டுக்கும்கூடக் கார்பன் வைக்க வேண்டும். "கொப்பி இல்லாத காகிதம் அனுப்பாத காகிதம்" என்பார். அன்று பின்னேரமே அவர் மனைவிக்குக் கடிதம் சொல்ல, நான் எழுதினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, "கார்பன் எங்கை?" என்று கேட்டார்.

"வீட்டுக் கடுதாசிக்குமாங்க?"

"அதுவும் படி இறங்கித்தானே போகுது?"

மறுபடி கார்பன் வைத்து, பென்சிலை அழுத்தி எழுதினேன். ஒரிஜினல் வடக்கே அவருடைய ஊருக்குப் போனது. கொப்பி, அட்டையில் 'வீடு' என்று எழுதியிருந்த பைலுக்குள் போனது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே அந்தப் பைல் தொடங்கியிருந்தது.

வீட்டுக் கடிதத்தையும் ஐயா வக்கீல் கடிதம் போலத்தான் சொல்லுவார். 'உமது கடிதம் கிடைத்தது. அதில் குறித்த விடயங்களுக்குப் பதில் வருமாறு. ஒன்று: வேலி அடைக்கும்போது எல்லைக் கதியாலை அயலவர் நகர்த்தாமல் பார்க்கவும். இரண்டு: கிணற்றுக் கப்பி மாற்ற வேண்டும். மூன்று: வெறுங்காலோடு கிணற்றடியில் நிற்க வேண்டாம்.' இப்படியே போகும். எல்லாம் முடிந்த பிறகு, இலக்கம் போடாமல் ஒரு வரி சொல்லுவார். 'வருகிற சித்திரைக்கு இங்குள்ள அலுவல்களை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுவேன்.'

முதல் நாள் அந்த வரியைச் சொன்னபோது என் பென்சில் நின்றுவிட்டது. லயத்தில் நான் எழுதிய கடிதங்களில் இந்த வரி இல்லாமல் ஒன்றுகூட முடிந்ததில்லை. அங்கே மாதம் மட்டும் வேறு. 'வர்ற தைக்குக் குடும்பத்தோடு ஊருக்கே வந்து சேர்ந்துருவோம்.' போகிறவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் நலம் விசாரிக்காமல் கடிதம் தொடங்காதது போல, இதைச் சொல்லாமல் முடிக்கமாட்டார்கள். அது கூலியாட்களின் வழக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஐயாவின் மனைவி கல்யாணமான புதிதில் அட்டனுக்கு வந்தவராம். குளிரில் மூச்சு இழுப்பு கண்டு, டாக்டர் சொல்லி ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே தபால்தான்.

தபால் முத்திரை

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஆபீஸில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை விண்ணப்பங்கள்தான். இந்த நாட்டில் இடைவிடாமல் இருந்திருக்கிறோம் என்று காட்ட வேண்டும். இங்கேயே இருந்துவிடும் எண்ணம் உண்டு என்றும் காட்ட வேண்டும். இருந்ததைக் காட்டவே ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்காது. தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் பேர் வேறு மாதிரி இருக்கும். ஆகவே, தேதியும் தோட்டத்துப் பேரும் உள்ள எந்தத் தாளையும் கொண்டுவரச் சொல்லுவோம். தபால் முத்திரை விழுந்த உறையானாலும் சரி என்போம்.

எங்கள் பக்கத்து டிவிஷன் மாடசாமி அண்ணனும் அவர் மனைவி மாரியாயி அக்காவும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணனுக்குச் சிரிப்பு.

"என்னா தம்பி, நீ கோட்டப் போட்டிருக்கியா, கோட்டு ஒன்னையப் போட்டிருக்கா?"

"சும்மா இருய்யா. நம்ம புள்ள கிளாக்கரா ஒக்காந்திருக்கு. கண்ணு வைக்காத" என்றார் அக்கா.

அவர்களுடைய தாள்கள் நன்றாகவே இருந்தன. விசாரணை நாளில் நானும் ஐயாவும் கூடப் போனோம். விசாரணை அதிகாரி சிங்களவர், அமைதியானவர், யாரையும் அதட்டாதவர். இங்கிலீஷில் கேட்பார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லுவார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. முடிகிற நேரத்தில் மாடசாமி அண்ணன் கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

"தொரை, இன்னொன்னும் இருக்குங்க. பொகவந்தலாவ முத்திர. பளிச்சுன்னு விழுந்திருக்கு, பாருங்க."

அது, முசிறிப் பக்கம் இருந்த தன் அண்ணனுக்கு அவர் முன்பு எழுதுவித்த கடிதம். அந்த அண்ணன் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டதால் திரும்பி வந்திருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்து, எங்களிடம்கூடக் காட்டாமல், கடைசியில் எடுத்து நீட்டிவிட்டார். ஐயா கையை நீட்டுமுன் அது அதிகாரியின் மேசைக்குப் போய்விட்டது.

அதிகாரி உறையைப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்ததை வாசிக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் நலம், மழை, மாரியம்மன் திருவிழா எல்லாம் வாசித்துக் கடைசி வரிக்கு வந்தார். அதிகாரி நிமிர்ந்தார்.

"குடும்பத்தோடு இந்தியாவுக்கே போவதாக எழுதியிருக்கிறாய். பொய்யா?"

"பொய் இல்லிங்க தொரை."

"அப்படியானால் போவாயா?"

"போக மாட்டோம்ங்க."

"இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா எழுந்து, விசாரணையைத் தள்ளிவைக்கத் தவணை கேட்டார். கிடைத்தது. ஆனால் அந்த வரிக்கு விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கடுதாசிய ஏன்யா கோட்டுல வச்சிருந்த? அடுப்புல போட்டிருக்கக் கூடாதா?"

"முத்திர நல்லா இருந்துச்சு புள்ள."

"முத்திரையத் தூக்கி நெத்தியில ஒட்டிக்க!" என்றவர், ஐயா பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயா, எங்க மூத்தது அந்த மலையிலதாங்க மண்ணுக்குள்ள கெடக்கு. அத விட்டுட்டு நாங்க எங்கயும் போக மாட்டோம். ஆனா வர மாட்டோம்னு அவுங்களுக்கு எப்புடிங்க எழுதுறது? அத எழுதிட்டா அப்புறம் என்னாங்க இருக்கு?"

ஐயா ஆபீஸ் வரைக்கும் நடந்தே வந்தார். குடை கையில் இருந்தும் விரிக்கவில்லை. நான் பின்னாலேயே நனைந்துகொண்டு வந்தேன்.

'வீடு'

தவணைக்குப் போகிற காலையில் ஐயா, "அந்த 'வீடு' பைலையும் எடும்" என்றார்.

"ஐயா, அது அம்மாவுக்கு எழுதினதுங்க."

"என்ர பைல் எது எண்டு எனக்குத் தெரியாதோ? எடும்."

விசாரணை அறையில் பைலை மேசைமேல் வைத்துவிட்டு, இந்த ஒரு வரி எப்படிப்பட்டது என்று காட்ட ஒரு சாட்சி கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கொப்பியாகப் புரட்டி, கடைசி வரியை மட்டும் வாசித்தார். மேலே இருந்த கொப்பிகளில் என் எழுத்து. அடியில் போகப் போக அவருடைய கோழி கிளறல். கார்பன் மங்கி, தாள் மஞ்சளாகி, ஓரம் உதிர்ந்துகொண்டே போனது. ஆனால் வரி ஒன்றுதான். 'வருகிற சித்திரைக்கு வந்துவிடுவேன்.' 'வருகிற சித்திரைக்கு வந்துவிடுவேன்.' மொழிபெயர்ப்பாளர் முதலில் உரக்கத்தான் சொன்னார். நாலைந்து கடிதத்துக்குப் பிறகு அவர் குரலும் இறங்கிவிட்டது.

"இவை யாருக்கு எழுதியவை?" என்று அதிகாரி கேட்டார்.

"என் மனைவிக்கு."

"போனீர்களா?"

"தவணை நாட்களுக்கு நடுவில் விருந்தாளியாகப் போய் வந்திருக்கிறேன். இதில் எழுதியபடி போகவில்லை."

"அப்படியானால் இவை பொய்."

"எழுதுகிற நேரத்தில் ஒவ்வொன்றும் உண்மை. இவருடையதும் அப்படித்தான். நான் எங்கே குடியிருக்கிறேன் என்று நீங்கள் கேட்டால், அட்டன் என்றுதான் சொல்லுவேன்."

அதிகாரி பைலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "உங்கள் மனைவி இதை நம்புகிறாரா?"

ஐயா கோர்ட்டில் ஒரு கேள்விக்கு நின்று யோசித்ததை நான் பார்த்ததில்லை. அன்று நின்றார்.

"ஒவ்வொரு பங்குனியும் என் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டதாக எழுதுவார்" என்றார்.

மற்ற எல்லாப் பதிலையும் எழுதிக்கொண்ட அதிகாரி இதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. மாடசாமி அண்ணன் தோட்டத்திலிருந்து ஒரு பை நிறைய பேரிக்காய் கொண்டுவந்து படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். "ஐயா பொண்டாட்டிக்கு எழுதுனதெல்லாம் சபையில வாசிக்க வச்சுட்டேனே தம்பி. எப்புடி மொகத்தப் பாக்குறது?" என்றார். அக்கா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி மேலே அனுப்பினார்.

விட்டுப்போன வரி

அதற்கு அடுத்த வீட்டுக் கடிதம். வேலி, கப்பி, கிணற்றடி எல்லாம் முடிந்தது. நான் பென்சிலை அழுத்தியபடி காத்திருந்தேன்.

"சரி. இப்படிக்கு எண்டு போடும்."

"ஐயா, சித்திரை..."

"வேண்டாம் தம்பி. நாலு பேருக்கு முன்னால வாசிச்சாச்சு. இனி எந்த முகத்தோட எழுதிறது?"

நான் 'இப்படிக்கு' போட்டேன். கடிதம் போனது. கொப்பி பைலுக்குள் போனது. கடிதம் பாதியில் நின்றது போலவே எனக்குப் பட்டது. 

அடுத்த வாரம் ஒரு காலை ஐயா கோர்ட்டுக்குப் போயிருந்தார். படியில் செருப்புச் சத்தம், நின்று நின்று வந்தது. ஓர் அம்மா. கையில் பனையோலைப் பெட்டி. மூச்சு வாங்கியது.

"தம்பி, புரொக்டர்... இருக்கிறாரோ?"

"கோட்டுக்குப் போயிருக்காருங்க."

"நடந்தோ போனவர்?"

"ஆமாங்க. நல்லா நடந்துதாங்க போனாரு."

அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் மேசையைப் பார்த்தார். "நீரோ அந்த எழுத்து? வடிவான எழுத்து. ஆனா கடைசி வரியை விட்டிட்டீர்."

"ஐயாதாங்க வேணாம்னாரு."

"அவர் சொன்னா? அந்த வரி இல்லாமல் ஒரு கடிதம் நான் கண்டதில்லை. ஆளுக்கு ஏதோ நடந்திட்டுது, மறைக்கினம் எண்டு நினைச்சன். ரெண்டு ரயில் மாறி வாறன். வழி முழுக்க ஒரு சொட்டுத் தண்ணி இறங்கேல்லை."

நான் பிளேன்டீ வாங்கி வருமுன் ஐயா வந்துவிட்டார். கடைசிப் படியில் குடையோடு நின்றுவிட்டார்.

"நீரோ? எப்பிடி வந்தனீர்? எழுதியிருக்கலாமே."

"எப்பிடி? ஒண்டு, ரெண்டு எண்டு நம்பர் போட்டோ?" என்றார் அம்மா. "சித்திரைக்கு நீங்கள் வரமாட்டியள் எண்டு விளங்கிச்சுது. அதுதான் நான் வந்தன்."

ஐயா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பிளேன்டீ வாங்கும் சாக்கில் இறங்கி, கடையில் வேண்டுமென்றே நேரத்தைப் போக்கினேன்.

அம்மா கொஞ்ச நாள் இருந்தார். ஐயா பின்னேரங்களில் நேரத்தோடு ஆபீஸைப் பூட்டினார். 'வீடு' பைலுக்கு அப்போது வேலையே இருக்கவில்லை. பிறகு பனி இறங்கத் தொடங்கியது. இழுப்பும் தொடங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் கோச்சி புறப்படுகிற நேரம் ஐயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சித்திரைக்கு வந்திடுவன்."

"ஓம். சுண்ணாம்பு அடிச்சு வைக்கிறன்" என்ற அம்மா, என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் கடிதத்திலயும் எழுதும்."

இப்போது புதிதாகக் கிளார்க் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். விசாரணைக்குக் கூட்டிப் போகுமுன் ஆட்களின் கோட்டுப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதித்தரச் சொல்லி வருகிறவர்கள் கடைசியில் அந்த வரியைச் சொல்லும்போது, உண்மையாகப் போவீர்களா என்று கேட்காதீர்கள். சொன்னபடி எழுதுங்கள். அவர்களே சொல்ல மறந்தால் நினைவுபடுத்துங்கள்.

என் கூடப்பிறந்த அக்கா குடும்பத்தோடு தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு இங்கத்தைய பிரஜாவுரிமை. நேற்று ஆபீஸில் எல்லோரும் போன பிறகு அவளுக்கு எழுதினேன். மழை, எங்கள் அம்மாவின் முழங்கால் வலி, லயத்துக்குப் புதுத் தகரம் போட்டது எல்லாம் எழுதி, கடைசியில், 'வருகிற தைக்கு உன்னை வந்து பார்ப்பேன்' என்று முடித்தேன்.

கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.