பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு குளவிக்கூடு

பால் கொடுக்க வந்த ஒரு தாயைக் கொட்டியது குளவியா, குளவியைக் கலைத்த பருந்தா, அவளைக் குறுக்குவழியில் வரவைத்த நானா? மூன்று வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. தோட்டம் அரசாங்கத்துக்குக் கைமாறிய பிறகு, படித்தவள் என்று என்னை அங்கே போட்டார்கள். அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். அவளோடு சேர்த்துப் பதினான்கு தொட்டில்கள். அவள் அழும்போது மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு அவளை முதலில் தூக்கிவிட்டேனோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை யோசிப்பேன்.

காம்பராவுக்குப் பின்னால் ஓடைக்கரையில் டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் உயரமான யூகலிப்டஸ் மரம் ஒன்று நிற்கிறது. அது பூக்கும் காலத்தில் குளவிகள் வந்து ஒரு கிளையின் அடியில் கூடு கட்டும். கீழே நின்று பார்த்தால் கறுப்புக் கம்பளியைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். ஆட்கள் கம்பில் சாக்கைச் சுற்றி, எண்ணெய் ஊற்றி, வருடம் தவறாமல் அதைக் கொளுத்திவிடுவார்கள்.

அந்த வருடம் கூடு கட்டிய வாரத்தில், பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு சிங்கள மாணவி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். நாங்கள் குடியிருக்கும் லயத்தருகே நின்று, "பம்பரா எங்கே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். சிங்களத்தில் அந்தப் பூச்சிக்கு அதுதான் பெயர். எங்கள் பெண்களுக்கு அது எப்படித் தெரியும்?

"பம்பரமா? பள்ளிக்கூடத்துப் பயலுககிட்ட இருக்கும் நோனா. வாங்கித் தரவா?" என்றாள் ஒருத்தி.

"பம்பரம் விடவா பதுளையில இருந்து பஸ் ஏறி வந்திருக்கு?" என்றாள் இன்னொருத்தி.

சிரித்து முடித்ததும் அவரை என்னிடம் கூட்டிவந்தார்கள். என் பள்ளிக்கூட ஆங்கிலமும் அவருடைய உடைந்த தமிழும் எங்களுக்குப் போதுமாயிருந்தன. கூட்டைப் பார்த்தவர், "இது குளவி இல்லை, தேனீ" என்றார். மலைத்தேன் எடுப்பது இதன் கூட்டிலிருந்துதானாம். மகள் பிறந்தபோது பதுளைக் கடைவீதியில் நல்ல மலைத்தேனாகத் தேடி வாங்கி அவள் நாக்கில் தொட்டு வைத்தவள் நான். அந்தத் தேனைத் தந்த பூச்சியைத்தான் நாங்கள் குளவி என்று சொல்லி எரித்துக்கொண்டிருந்தோம்.

பெயர் மாறியதால் கொடுக்கு மாறிவிடாது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஓடையோரக் காட்டு மரங்கள் காய்ப்பதற்கு இந்தத் தேனீக்கள் வேண்டும் என்றார் அவர். தோட்டங்களில் கண்ட கூட்டையெல்லாம் எரித்துவிடுவதால், ஒரு கூடாவது பருவம் முழுவதும் இருந்து பார்க்கக் கிடைக்கவில்லையாம். அவை எந்த நாளில் வருகின்றன, எப்போது போகின்றன, கூட்டுப் புழுவைத் தின்னப் பருந்து எத்தனை தடவை வந்து கூட்டை அடிக்கிறது என்று குறித்துவைக்கச் சொல்லி ஒரு கொப்பியும் தந்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். பதினான்கு பிள்ளைகளுக்குப் பின்னால் அப்படி ஒரு கூட்டை விட்டுவைப்பதா? ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. வருடாவருடம் கொளுத்தியும் அவை வருடாவருடம் வந்தன. கொளுத்திய பிறகு கூடிழந்தவை இரண்டு மூன்று நாள் தேயிலைக்குள் அலைந்து யாரையாவது கொட்டின. கொளுத்துவதால் எங்களுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்கவில்லை. எனவே பூக்காலம் முடியும்வரை தொட்டில்களை, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துப் பக்கமிருந்த பழைய கொட்டகைக்கு மாற்ற முடிவு செய்தேன். தோட்டத்துத் துரையிடம் போய் அனுமதியும் வாங்கினேன்.

"என்னம்மா, குளவிக்கு வளைகாப்புப் போடப் போறீங்களா?" என்றார் கங்காணி.

"கூடு அங்கனயே இருக்கட்டுங்க. பிள்ளைகளை நான் கொண்டுபோறேன்."

"கொட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க."

கொட்டகை கொழுந்து மலைக்குத் தூரம். பால் கொடுக்க வரும் தாய்மார் சுற்றிக்கொண்டு வரவேண்டும். மரத்தடிக் குறுக்குப் பாதையில் யாரும் வராதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். வாயால் சொன்னதோடு விட்டுவிட்டேன், பாதையை அடைக்கவில்லை.

ஒரு காலையில் பருந்து வந்தது. கொட்டகை வாசலில் நின்ற நான், அது கிளைக்கு நேராக இறங்கிக் கூட்டை அடித்ததையும், கறுப்புக் கம்பளி உதிர்ந்து புகையாய்ப் பரவியதையும் கண்டேன். உடனே உள்ளே போய்க் கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்தேன். குறித்துக்கொண்டிருக்கும்போதுதான் அலறல் கேட்டது.

ஐந்து மாதப் பையன் ஒருவனின் தாய். நேரமாகிவிட்டதென்று மரத்தடிப் பாதையில் வந்திருக்கிறாள். தொட்டிலாட்ட இருந்த கிழவியிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒரு போர்வையோடு ஓடி, அவளைப் போர்த்தி இழுத்துவந்தேன். எனக்கும் ஏழெட்டுக் கொட்டு. அவளைக் கொழுந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் அவள் அங்கே இருந்தாள். அந்த நான்கு நாளும் அவள் பையனுக்கு நான்தான் பால் கொடுத்தேன். என் மகள் பக்கத்தில் கிடந்து சிணுங்கினாள்.

"இப்பவாவது கொளுத்தலாமா?" என்று கங்காணி கேட்டார். வேண்டாம் என்றேன். கலைந்து நிற்கும் கூட்டில் தீ வைத்தால் இன்னும் நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிவரும். அன்று மாலைக்குள் பாதையின் இரு முனையையும் முள்ளும் கம்பியும் வைத்து அடைக்கச் செய்தேன். பருந்தைக் கண்டால் தகரத்தைத் தட்ட ஓர் ஆளை வைத்தேன். பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் கேட்டு, மூன்று தடவை அலுவலகப் படியேறி வாங்கினேன். பூ முடிந்ததும் அவை தாமாகவே போய்விட்டன. பிறகு வந்த இரண்டு பருவத்திலும் அதே கிளையில்தான் கட்டின, யாரையும் கொட்டவில்லை. நாள்களெல்லாம் கொப்பியில் இருக்கின்றன.

ஆனால் அந்தத் தாய் பிள்ளையை என்னிடம் விடுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் கேட்டே விட்டேன்.

"என் மேல கோவமா?"

"எம் புள்ள உங்க பாலைக் குடிச்சிருக்கான் டீச்சர். கோவப்படக்கூட முடியலையே," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்போது அவளுக்கு இரண்டாவது குழந்தை. மழையோ காற்றோ, கொழுந்து மலை ஓரத்தில் சாக்குத் தொட்டில் கட்டி அதைப் போட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கிறாள். டர்பன்டைன் மரம் மொட்டுவிட்டிருக்கிறது. கூட்டைக் கொளுத்த இந்த வருடமும் நான் சம்மதிக்கப் போவதில்லை. அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆனால் அந்தக் குழந்தையை மழையில் கிடக்க விடவும் முடியாது.

அன்று பருந்தைக் கண்டதும் சத்தம் போட்டு எச்சரிக்காமல் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் மனம் இளகலாம். அல்லது அந்தப் பேச்சு லயமெங்கும் பரவி, ஆட்கள் மறுநாளே கூட்டுக்குத் தீ வைத்துவிடலாம். உங்கள் தவறால் நொந்துபோன ஒருத்தியிடம் போய்ப் பேசிய அனுபவம் இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இருந்தால், முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். பூ விரிய இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன.