ஆடி முடியட்டும்

எனக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. எதில் சேர்வது என்று முடிவு செய்த பிறகும், முடிவு செய்யாதவனைப்போல நடித்தேன். அதனால் என் நண்பன் டாக்டராகவில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் எழுத எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

அறுபதுகளின் பிற்பகுதி. கடம்பத்தூரிலிருந்து ஒரே ரயிலில் சென்னைக்குப் போய்வந்து இருவரும் பி.யு.சி. படித்தோம். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டு அவனைப் படிக்க வைத்தார். வெளியூரில் தங்கிப் படிக்க வழியில்லை. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய சென்னைக் கல்லூரியை மட்டுமே நம்பியிருந்தான். அங்கே காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. இடம் கிடைத்தவர்களில் ஒருவர் விலகினால் போதும்.

எனக்கு அங்கேயும் இடம், வெளி மாநிலக் கல்லூரி ஒன்றிலும் இடம். அந்த வெளியூரில் என் அக்கா வீடு இருந்தது. அங்கேதான் போவது என்று ஆனி மாதமே தீர்மானித்துவிட்டேன். சென்னை இடம் வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தபோது அப்பா தடுத்தார்.

"ஆடி பொறந்துட்ச்சி. ஊடு தேடி வந்தத இந்த மாசத்துல வேணாம்னு எழுதிக் குடுப்பாங்களா? ரெண்டும் இருக்கட்டும். ஆவணியில பாத்துக்கலாம்."

எனக்கு ஆடியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பேனாவை மூடினேன். இரண்டும் கையில் இருப்பது சுகமாக இருந்தது.

நண்பன் தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவான். முதலில் கேலியாகத்தான் கேட்டான்.

"இன்னாடா, ரெண்டு பொண்டாட்டிக்காரா! எவள வெச்சிக்கப் போறே?"

சிரித்து மழுப்பினேன். சில நாளில் கேலி நின்றுபோனது.

"மெட்ராஸ்ல சேரப் போறேன்னா சொல்லிடுறா. நான் வேற வேல பாத்துக்கினு போறேன்."

"இன்னும் முடிவு பண்லடா. ஆடி முடியட்டும்."

"எங்கம்மா டெய்லி கேக்குதுடா."

நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆடி முடியுமுன்பே கல்லூரி காத்திருப்போர் பட்டியலை மூடிவிட்டது. ஆவணி பிறந்ததும் விலகினேன். அந்த இடம் யாருக்கும் போகவில்லை. அவன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் வேலைக்குச் சேர்ந்தான்.

எழுபதுகளில் திருவள்ளூரில் கிளினிக் திறந்தேன். அவன் என் வாசலைக் கடந்து வேறு டாக்டரிடம் போவதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஆனியிலேயே முடிவு பண்ணிட்டேன்டா. உன்கிட்ட பொய் சொன்னேன்."



"இத்த இன்னாத்துக்கு இப்போ சொல்றே?"

"மனசு கேக்கல."

"உன் மனசு கேக்கல. சரி. எனக்கு இன்னா வந்துச்சி?"

வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நேராக என் அறைக்கே கூட்டிவா, காத்திருக்க வேண்டாம் என்றேன்.

மழைக்காலத்தில் அவன் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. கைத்தாங்கலாக அழைத்துவந்து பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தான். நான் வெளியே ஓடிவந்து கூப்பிட்டேன்.

"முன்னாடி இருக்கறவங்கள பாருங்க, டாக்டர். நாங்க காத்துக்கினு இருக்கோம்."

நான் உள்ளே போய் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அவர்கள் முறை வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள கூடப் படிச்சவன் டாக்டராயிட்டே. நல்லா இரு நைனா."

நான் செய்ததை அவன் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஸ்டெதாஸ்கோப்பை அவர் முதுகில் வைத்து, மூச்சை நன்றாக இழுத்து விடும்மா என்றேன்.